கறுப்புத் துணி வரும் நாள்

ஊசி விரலில் ஏறினாலும் வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த சட்டையை எடுக்கிறவள் காலர் அக்கா. பதினெட்டு வருஷமாகத் தொழிற்சாலையில் காலர் மட்டும்தான் தைக்கிறாள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. அப்பேர்ப்பட்டவளை இரண்டு மாதமாக முதுகு அழவைத்துக்கொண்டிருந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே யாரோ முழங்கையை ஊன்றிக்கொண்டு எடுக்க மாட்டேன் என்கிற மாதிரி ஒரு வலி.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பெண் அழுத்திப் பார்த்து, எலும்பில் கோளாறில்லை, தசைதான் இறுகிக் கிடக்கிறது என்றாள். சுவரில் முதுகை ஒட்டி நின்று கைகளை ஏற்றி இறக்க வேண்டும். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். காலையும் மாலையும் பத்துத் தடவை.

"சுவத்துக்கு முட்டுக் கொடுக்கிறியா? வீடு நல்லாத்தானே நிக்குது" என்றார் கணவர்.

"வீடு நிக்குதுங்க. நான்தான் விழுந்துடுவேன் போலிருக்கு."

அதற்கப்புறம் அவர் கிண்டல் பண்ணவில்லை. காலர் பிரிவில் வேகம் குறைந்தால் நூல் வெட்டும் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும். அங்கே போனவர்கள் யாரும் மிஷினுக்குத் திரும்பியதில்லை.

மூன்று வாரமாகியும் வலி மசியவில்லை.

"அக்கா, பயிற்சியை ஒழுங்கா செய்றீங்களா, இல்ல எனக்கே டிமிக்கி குடுக்கிறீங்களா?" என்று கேட்டாள் பிசியோதெரபிப் பெண்.

"ஒரு நாள் விடல டாக்டரம்மா. வெள்ளைத் துணி வர்ற நாள் பரவாயில்ல. கறுப்பு வந்தாத்தான் உயிர் போகுது."

சொன்ன பிறகுதான் காலர் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண் தன் கறுப்புக் கைப்பையை மேஜைமேல் வைத்து, "இதுல தையல் ஓட்டுற மாதிரி உட்காருங்க" என்றாள். காலர் அக்கா உட்கார்ந்தாள். கழுத்து தானாக முன்னால் நீண்டது. தோள்கள் காதருகே ஏறின. மூக்கு பைக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது.

"கண்ணாடி போடணும்னு எப்போ சொன்னாங்க?"

காலர் அக்கா கைப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அக்கா."

"ஆறு மாசமாச்சு. வாங்கியும் வச்சிட்டேன். சாப்பாட்டுப் பைக்குள்ள கிடக்குது. எனக்கு முன்னாடி காலர் தைச்சவங்க கண்ணாடி போட்ட வாரமே நூல் வெட்டப் போயிட்டாங்க."

"தலை முன்னாடி போகப் போக அந்தப் பாரத்தை முதுகுதான் இழுத்துப் பிடிக்குது. நீங்க நாள் முழுக்கக் கெடுக்கிறதை என் பயிற்சி பத்து நிமிஷத்துல சரி பண்ணாது. கண்ணாடி போடுறதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

மறுநாள் பார்த்துக் கறுப்புச் சட்டை வந்து இறங்கியது. பதினொரு மணிவரை பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். ஒரு காலரின் முனை கோணிக்கொண்டதும், பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். நூல் கயிறு கயிறாகத் தெரிந்தது. வெகுநாளுக்குப் பிறகு முதுகு நாற்காலியின் சாய்வைத் தொட்டது.

சாப்பாட்டு நேரம் முடிந்து சூப்பர்வைசர் வந்தார். பின்னால் நின்றார். நகரவில்லை.

"என்னக்கா, புதுசா இருக்கு?"

"கண்ணாடி புதுசு சார். கை பழசுதான்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடி போட்டபிறகு தைத்த ஐம்பது காலரையும் அள்ளிக்கொண்டு சோதனை மேஜைக்குப் போனார். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டுவது கண்ணாடிக்கு மேலாக இங்கிருந்தே தெரிந்தது. தூரத்துப் பார்வை அவளை என்றைக்கும் ஏமாற்றியதில்லை.

திரும்பி வந்து இரண்டு காலர்களை அவள் முன்னால் போட்டார்.

"போன தடவை கறுப்புல அம்பதுக்குப் பதினொண்ணு திரும்பி வந்துது. இன்னைக்கு ரெண்டு. இதைப் பிரிச்சுத் தைங்க. மத்ததைச் சாயங்காலம் பேசிக்கலாம்."

மத்தது என்றால் கண்ணாடியா, நூல் வெட்டும் மேஜையா? தோள்பட்டைகளைச் சேர்த்து ஐந்து எண்ணினாள். அந்த முழங்கை இன்னும் அங்கேதான் இருந்தது. ஊன்றியவர் கொஞ்சம் எழுந்துகொண்ட மாதிரி, அவ்வளவுதான். முதல் காலரைப் பிரிக்கத் தொடங்கியபோது மணி இரண்டரை. சாயங்காலத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.