வீட்டுக்காரியின் கையெழுத்து

தன்னுடைய கோப்பித் தோட்டத்தை விற்கப் புருசன் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டார் என்பது கொறற்றிக்குத் தெரியவந்தபோது அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பகல். டோர்ட்மண்டில் வழக்கம்போல மழை. கைபேசியில் ஏதோ படம் வந்து விழுந்தது. கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டு, விரல் விரலாகக் கழுவினாள். அந்தக் கழுவலைக் கண்டதுமே புருசன் சிவகுருநாதன் கதிரையை விட்டு எழும்பினார். இருபத்து நான்கு வருசக் குடும்ப வாழ்க்கையில் அவள் இவ்வளவு ஆறுதலாகக் கை கழுவியது இரண்டே இரண்டு தரம்தான். இரண்டு தரமும் அவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, இது உங்கட கையெழுத்தோ?"

திரையில் ஒரு கடிதத்தின் படம். ஜெர்மன் மொழியில் நான்கு வரி, திகதி, கீழே வால் நீட்டி வளைத்த தமிழ்க் கையெழுத்து. பக்கத்தில் நீல நிறத்தில் வட்டமாக ஒரு முத்திரை.

"ஓம், என்ர தான்," என்றார். கையெழுத்து நன்றாக விழுந்திருந்தது என்ற சந்தோசம் அப்போதும் அவருக்கு இருந்தது. மனிசனைத் திருத்தவே ஏலாது.

"உந்த முத்திரை?"

"அது எங்கட ஊராக்கள் இஞ்ச வைச்சிருக்கிற ஒன்றியத்தின்ர. நான்தானே செயலாளர். முத்திரை இல்லாட்டி ஒரு கடிதத்துக்கு என்ன மதிப்பு?"

கொறற்றி இந்தோனேசியாக்காரி. புளோரஸ் தீவில், எரிமலைச் சரிவில் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தவள். கன்னியாஸ்திரிகள் மூலம் முதியோர் பராமரிப்புப் படிக்க ஜெர்மனிக்கு வந்தவள், பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்தானைக் கட்டி, தமிழ்க் கடைப் பெண்களோடு வாயாடி வாயாடியே யாழ்ப்பாணத் தமிழை முழுசாகப் பிடித்துவிட்டாள். ஏச்சில் அவளை வெல்ல ஒன்றியத்திலேயே ஆள் கிடையாது.

அவள் ஊரில் வீடுகளுக்குப் பெயர் உண்டு. கொறற்றியின் வீட்டுக்குப் பெயர் தேனா வோலோ. காணி பூமி எல்லாம் ஆட்களின் பெயரில் இல்லை, வீட்டின் பெயரில்தான். வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண்கள் கலியாணம் கட்டிப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்போது வீட்டில் இருப்பவள் கொறற்றியின் தமக்கை தெரேசியா. கலியாணம் கட்டாதவள். தோட்டத்துக் கோப்பியும் கீழே இருக்கும் சோளமும்தான் அவளுக்குச் சாப்பாடு. இதெல்லாம் சிவகுருநாதனுக்குத் தெரியும். கேட்டிருக்கிறார். வெளிநாட்டுச் சங்கதியைக் கேட்பதுபோலக் கேட்டு, "அப்பிடியோ" என்று சொல்லி, மறந்தும் இருக்கிறார்.

கடிதத்தைக் கேட்டவன் கொறற்றியின் தம்பி பென்ஜமின். சுற்றுலாக்காரருக்கு வழிகாட்டியாகப் போவதால் ஜெர்மன் கொஞ்சம் கதைப்பான். வேறு தீவிலிருந்து ஒரு முதலாளி வந்திருக்கிறார், தோட்டத்தில் வெள்ளைக்காரர் தங்குவதற்குக் குடில் கட்டப்போகிறார், பெரியக்கா பிடிவாதம் பிடிக்கிறாள், நீங்கள் குடும்பத்தலைவர், நீங்கள் ஒரு கடிதம் தந்தால் போதும் என்று போனில் குழைந்தான். கொறற்றியிடம் பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்றும் சொன்னான்.

சிவகுருநாதன் காசுக்கு ஆசைப்படவில்லை. அதில் அவர் மேல் குற்றம் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அவரை விழுத்தியது வேறொன்று. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் மற்றவர்களிடம்தான் கையெழுத்துக்கு நின்றிருக்கிறார். இருப்பதற்கு அன்ராக் என்ற விண்ணப்பம், பக்கத்து நகரத்துக்குப் போவதற்கு அன்ராக், வேலை செய்வதற்கு அன்ராக். எத்தனை மேசைக்கு முன்னால், எத்தனை தாளை நீட்டி, எத்தனை "இல்லை"யைக் கேட்டு வந்தவர். அப்படிப்பட்டவரிடம் முதல் முதலாக ஒருவன் வந்து "உங்கள் சம்மதம் வேண்டும்" என்று கேட்கிறான். மனிசன் உருகிவிட்டார். புதுப் பேனை வாங்கித்தான் கையெழுத்தே போட்டார்.

"பொம்பிளையின்ர காணியெண்டாலும் விக்கிறதுக்குப் புருசன்ர எழுத்து வேணும். எங்கட தேசவழமைச் சட்டம் அது," என்று இப்போது கொறற்றிக்கு விளக்கினார். "அக்காவின்ர சாவகச்சேரிக் காணிக்கு என்ன நடந்தது? அத்தான் கனடாவில இருந்து எழுத்து அனுப்புமட்டும் நொத்தாரிசு காணி உறுதியைத் தொடவே இல்லை."

"அது உங்கட சாவகச்சேரி. எங்கட ஊரில புருசன் எண்டவன் வந்து இருக்கிறவன். சாப்பிடலாம், வேலை செய்யலாம், கதைக்கலாம். காணியில கை வைக்க ஏலாது. என்ர அப்பா நாப்பது வருசம் அந்தத் தோட்டத்தில கோப்பி புடுங்கினவர். ஒரு மரம் தறிக்கிறதெண்டாலும் அம்மாவைக் கேட்டுத்தான் தறிப்பார்."

"அப்ப என்ர கடிதம் செல்லாதுதானே? பிறகென்ன பிரச்சினை?"

கொறற்றி அடுத்த படத்தைக் காட்டினாள். கோப்பிச் செடிகளுக்கு நடுவே வரிசையாக அளவு குறித்த மரக் கட்டைகள் அறையப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புப் பூச்சு.

"ஊராக்களுக்குத் தெரியும் செல்லாதெண்டு. அந்த முதலாளிக்குத் தெரியாது. அவன்ர ஊரில ஆம்பிளைதான் எல்லாம். ஜெர்மனியில இருந்து முத்திரை குத்தின கடிதம் எண்டு பொலித்தீன் உறைக்குள்ள போட்டு வைச்சுக்கொண்டு திரியிறான். திங்கக்கிழமை மிசினைக் கொண்டுவந்து செடியைப் புடுங்கப்போறானாம். அக்கா அழுறா." அவள் குரல் உடைந்தது. "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே நீங்கள்."

அவர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

பின்னேரம் மகள் துஷானி வேலையால் வந்தாள். கண்ணாடிக் கடையொன்றில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்கிறாள், இருபது வயது. தாய் சொன்னதைக் கேட்டாள், படங்களைப் பார்த்தாள். தகப்பனை ஏசவில்லை. "நாளைக்குக் கூப்பிடுவம். அந்த ஆளையும் வரச் சொல்லுங்கோ அம்மா," என்றாள். ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மூன்று பேரும் சோபாவில் நெருங்கி இருந்தார்கள். அங்கே பின்னேரம். சிவகுருநாதன் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். என்ன சொல்வதென்று குளிக்கும்போதே பாடமாக்கி வைத்திருந்தார்.

"நான் திரும்ப யோசிச்சுப் பார்த்தனான், சம்மதத்தை மீளப் பெறுறன் எண்டு சொல்லுறன்," என்றார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றாள் கொறற்றி உடனே. "மீளப் பெறுறன் எண்டா, தரக்கூடிய ஆள் எண்டு ஆகிடும். நாளைக்கு இன்னொருத்தன் வந்து உங்களைப் பிடிப்பான். உரிமை இல்லை எண்டு சொல்லவேணும். எல்லாருக்கும் முன்னால சொல்லவேணும்."

இது அவருக்குச் சுட்டது. பிழை விட்டேன் என்று சொல்வது வேறு. நான் ஒன்றுமில்லை என்று சொல்வது வேறு. ஒன்றியத்தின் செயலாளர், முப்பது வருசம் ஒரு விபத்தில்லாமல் பேருந்து ஓட்டிய மனிசன், ஒரு ஊரே பார்த்திருக்கத் தன் கையெழுத்து வெறும் கிறுக்கல் என்று சொல்லவேண்டும். "யோசிப்பம்," என்று முணுமுணுத்தார். அதற்குள் திரை உயிர் பெற்றுவிட்டது.

உயரமான புல்லுக் கூரைக்குக் கீழே இருபது பேரளவில் பாயில் இருந்தார்கள். நடுவில் தெரேசியா. பக்கத்தில் தலையைக் குனிந்தபடி பென்ஜமின். ஓரத்தில், அந்த வீட்டில் இருந்த ஒரேயொரு பிளாஸ்ரிக் கதிரையில், முதலாளி. பொலித்தீன் உறை அவர் மடியில் இருந்தது.

சிவகுருநாதனைக் கண்டதும் முதலாளி எழும்பி நின்றார். தலையைத் தாழ்த்தி வணக்கம் சொன்னார். கடிதத்தை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். பென்ஜமின் ஜெர்மனில் சொன்னான்: "ஐயா, குடும்பத்தலைவராக நீங்கள் தந்த கடிதம் இதுதானா என்று கேட்கிறார்."

ஐயா என்றான். எழும்பி நின்று, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். இப்படியொரு மரியாதையைச் சிவகுருநாதன் எந்த மேசைக்கு முன்னாலும் கண்டதில்லை. "ஓம்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. உள்ளதைச் சொல்லவேண்டுமே.

அப்போது தெரேசியா மடியிலிருந்து எதையோ எடுத்துப் பாயில் வைத்தாள். சிவப்புத் தலைக் கட்டை ஒன்று. அவளே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். எந்த அதிகாரியாவது தன் பக்கம் பார்க்கமாட்டானா என்று காத்திருந்த நாட்களில் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சிவகுருநாதன் நினைத்தார். நினைத்ததும் உடம்பு கூசியது. அதிகாரியின் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் இப்போது தான்தான். யாரோ ஒரு பெண்ணின் சோற்றில் ஒரு கையெழுத்தால் மண் போட்டவன்.

தொண்டையைச் செருமினார்.

"கடிதம் நான் எழுதியது. கையெழுத்தும் என்னுடையது. ஆனால் அதை எழுத எனக்கு உரிமை இல்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை, இனியும் இல்லை. அந்த முத்திரை எங்கள் ஊர் ஒன்றியத்தின் முத்திரை. விளையாட்டுப் போட்டிக்கும் பொங்கல் விழாவுக்கும் குத்துவது. ஜெர்மன் அரசாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை."

பென்ஜமின் இழுத்து இழுத்து மொழிபெயர்க்கத் தொடங்கினான். கொறற்றி திரைக்குள் பாயாத குறையாக அவர்கள் மொழியில் ஏதோ கத்தினாள். "சொன்னதை அப்படியே சொல்லு" என்றுதான் இருக்கவேண்டும், ஏனென்றால் அவன் திடுக்கிட்டு வேகமாகச் சொல்லி முடித்தான். பாயில் இருந்த கிழவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொங்கல் முத்திரையை முதலாளி மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். சிவகுருநாதனின் காது இரண்டும் சூடாகின.

முதலாளி விடவில்லை. சரி, உரிமை யாருக்கு, அவர்களோடு கதைக்கிறேன் என்றார். தெரேசியா தன் நெஞ்சைத் தொட்டாள். கொறற்றி தன் நெஞ்சைத் தொட்டாள். முதலாளி தோளைக் குலுக்கினார். இருவருக்கும் வயது போய்விட்டது, இதற்குப் பிறகு யார் இருக்கிறார்கள், ஜெர்மனியில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் காட்டில் என்ன வேலை என்று அவர் சொன்னதைப் பென்ஜமின் ஜெர்மனில் சொன்னான்.

துஷானி முன்னால் சரிந்து, திரையை நேராகப் பார்த்தாள்.

அவள் பேசியது அவர்களுடைய மொழி. சிவகுருநாதனுக்கு அதில் "தேனா வோலோ" மட்டும்தான் பிடிபட்டது. அதற்குப் பிறகு பெயர்கள். துஷானி. கொறற்றி. கொறற்றியின் தாய். அவளுடைய தாய். அவளுடைய தாய். ஒரு இடத்திலும் தடக்காமல் ஏழு பெண்களின் பெயரை வரிசையாகச் சொன்னாள். கடைசிப் பெயரைச் சொன்னபோது பாயில் இருந்த எல்லோரும் அதைச் சேர்ந்து சொன்னார்கள். பிறகு அவள் ஒரேயொரு சிறிய சொல் சொன்னாள். அது "இல்லை" என்பது உலகத்தில் எவனுக்கும் விளங்கும்.

வாழ்க்கை முழுக்க எத்தனையோ "இல்லை" கேட்டவர் சிவகுருநாதன். ஒரு "இல்லை"யைக் கேட்டு அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது அன்றைக்குத்தான். இந்தப் பிள்ளை இதையெல்லாம் எப்போது படித்தது? தான் இரவுப் பேருந்து ஓட்டிய நாட்களில் தாயும் மகளும் அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துப் பாடமாக்கியது, செபம் என்றல்லவா நினைத்தார்!

முதலாளி கடிதத்தை உறையிலிருந்து எடுத்துத் தெரேசியாவின் முன்னால் வைத்தார். அவள் அதை எடுத்து, பக்கத்தில் இருந்த அடுப்புக்குள் செருகினாள். புதுப் பேனையால் போட்ட அந்த அழகான கையெழுத்து பத்து வினாடிகூட எரியவில்லை.

"அந்தப் பெரியவர் அப்ப யார்?" என்று முதலாளி கேட்டிருக்கவேண்டும். பென்ஜமின் பதில் சொல்வதற்கு முன்பே சிவகுருநாதன் கையைத் தூக்கினார்.

"நான் துஷானியின் அப்பா," என்றார். "அதைச் சொல்லுங்கள். அதை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள்."

இரண்டு மாதம் கழித்து ஒரு தபால் துண்டு வந்தது. பொதி வந்திருக்கிறது, தபால் கடையில் வந்து எடுக்கவும். பெறுநர் பெயர் துஷானி. அவளுக்கு அன்று முழுநாள் வேலை. சிவகுருநாதன் ஒன்றியத்தின் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் துண்டைப் பார்த்தாள், அவரது அடையாள அட்டையைப் பார்த்தாள். "இது உங்கள் பெயருக்கு வரவில்லை. உங்களுக்குத் தர முடியாது. ஃபொல்மாக்ட் இருக்கிறதா?"

இருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த அதிகாரக் கடிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். என் பொதியை என் அப்பா பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று எழுதி, துஷானி கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். தகப்பனைப் போலவே வால் நீட்டிய கையெழுத்து.

"என்ன பொதி?" என்று அந்தப் பெண் சும்மா கேட்டாள். மணம் ஏற்கெனவே வந்துவிட்டது.

"கோப்பி. என் மகளின் தோட்டத்திலிருந்து வருகிறது," என்றார் அவர். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் திரும்பி நின்று, "இந்தோனேசியாவில். அவளுடைய சொந்தக் காணி," என்றும் சேர்த்தார்.

பெண் தாளை வாசித்தாள். அவருக்குப் பழைய பயம் எட்டிப் பார்த்தது.

"இதில் முத்திரை ஒன்றும் இல்லை. பரவாயில்லையா?" என்று அவரே கேட்டார்.

"முத்திரை எதற்கு?" என்றாள் அவள், பொதியை மேசைக்கு மேலால் தள்ளிக்கொண்டே. "உங்கள் மகள் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே. அது போதும்."