காற்று ஏற்றாத பட்டை

அக்கா இப்போதெல்லாம் ஒரு நிறுத்தம் முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுகிறாள். முட்டிவலிக்காரி, கையில் காய்கறிப் பை வேறு. அப்படியும் மேம்பாலத்துக்கு அடியில் சுற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் சந்து வழியாக நடந்து வீடு சேர்கிறாள். வழக்கமான நிறுத்தத்தில் இறங்கினால் எதிர்ச் சுவரில் அத்தான் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஆளுயரப் படம். இடக்கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் நீலப் பட்டை, வலக்கையில் அவர் தொழிலுக்கு அடையாளமாக ஒரு சாவிக்கொத்து. மேலே கொட்டை எழுத்தில், ‘நான் பார்த்துக்கொண்டேன். நீங்கள்?’ கீழே சுகாதார அலுவலகத்தின் முத்திரை. அத்தான் போய் இரண்டாவது மாதம் நடக்கிறது. நல்ல பசை போட்டிருந்தார்கள். மழைக்குக்கூட ஒரு மூலை கிளம்பவில்லை.

அந்தப் படத்தை அங்கே ஒட்டவைத்தவள் தங்கைதான்.

அவளுக்குச் சுகாதார அலுவலகத்தில் வேலை. மருந்து கொடுக்கிற பிரிவு அல்ல. மருந்து தேவைப்படுகிற நிலைமைக்கு ஜனங்கள் வந்து சேராதபடி முன்கூட்டியே எடுத்துச் சொல்கிற பிரிவு. அலுவலகத்திலேயே அதை ‘நோட்டீஸ் ஒட்டுற டிபார்ட்மென்ட்’ என்றுதான் கிண்டல் செய்வார்கள். கிண்டலில் தப்பில்லை. அத்தான் படத்துக்கு முந்தின வருடம் ரத்த அழுத்த முகாம் நடத்தியபோது, யாரோ விளம்பரக்காரர் கொடுத்த படத்தை அச்சடித்து ஒட்டினார்கள்: வெள்ளைக் கோட்டும் பளபளக்கும் பல்லுமாக ஒரு டாக்டர். முகாம் நடந்தது வேலை நாளில், நடுப்பகலில், அலுவலக வளாகத்துக்குள். எட்டிப் பார்த்த சிலரிலும் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்கள். நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவர் திரும்ப எடுத்துப் போகையில், “ஒண்ணுகூட அழுக்காகல மேடம்” என்று சந்தோஷமாகச் சொன்னார்.

இந்த முறை அவள் திட்டத்தைத் தாளில் எழுதுவதற்கு முன் குடியிருப்புக்குள் இறங்கினாள். மாடிப்படிகளில் ஏறி இறங்கி, துணி காயப்போடுகிறவர்களிடமும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமும் கேட்டாள். எந்த நேரம் உங்களுக்குத் தோதுப்படும்? எந்த இடம் என்றால் சங்கடமில்லாமல் வருவீர்கள்? யார் சொன்னால் கேட்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு டாக்டர் என்று யாரும் சொல்லவில்லை. கவுன்சிலரா என்று அவளே எடுத்துக் கொடுத்தபோது ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரும்பத் திரும்ப வந்த பதில், “நம்ம சாவிக்காரர்.”

சாவிக்காரர் என்றால் அத்தான். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் மடங்கி உட்காரும் இடம்தான் அவர் கடை. அந்தக் குடியிருப்பில் என்றைக்காவது ஒருநாள் தன் வீட்டு வாசலிலேயே திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்காதவர் கிடையாது. கூப்பிட்ட குரலுக்கு அத்தான் தோல்பையோடு வந்து நிற்பார். பூட்டைத் திறந்துவிட்டு, கதவை அவர் தள்ளமாட்டார். வீட்டுக்காரர்தான் தள்ள வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுவார். எந்த வீட்டில் எந்த நேரத்தில் யார் வெளியே நின்றார்கள் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

கூட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது பிரிவுத் தலைவர் தயங்கினார்.

“உன் சொந்தக்காரரைப் போட்டுட்டேன்னு யாராவது பேசப்போறாங்கம்மா.”

“பேசட்டும் சார். அந்தத் தெருவே அவருக்குச் சொந்தம்தான்.”

படம் எடுக்கிற அன்று அத்தான் வழுவழுவென்று சவரம் செய்து, அக்கா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து கடைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“என்ன மச்சினி, இந்த வயசுல எனக்கு மாப்பிள்ளை வேஷமா?”

“உங்களை யாரு அத்தான் பாக்கப்போறா?”

“அதைச் சொல்லு. உங்க அக்கா ஒருத்தி ஏமாந்ததே பெரிசு.”

தங்கை பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கினாள். பட்டை இறுகியதும் அத்தான் முகம் கோணிக்கொண்டது. “ஐயோ, கையைக் கழட்டி எடுத்துட்டுப் போகப்போறியா?” படக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். “மேடம், இப்படி முகத்தைச் சுளிச்சா பாக்கிறவங்க பயந்துடுவாங்க. காத்தை விட்டுடுங்க. சும்மா கட்டியிருந்தாப் போதும்.”

அவர் சொன்னது சரிதான். படம் பயத்தைப் போக்க வேண்டும் என்று திட்டத்தில் அவளே எழுதியிருந்தாள். திருகைத் தளர்த்தினாள். முள் எந்த எண்ணிலும் நிற்பதற்கு முன் காற்று உஸ்ஸென்று இறங்கிப்போனது. அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் சுவரில் இருக்கிறது.

“இருங்க அத்தான், இப்ப ஒழுங்காப் பாத்துடலாம்” என்று அவள் மறுபடி பந்தை எடுத்தபோது, மேல்மாடிப் பெண் ஒருத்தி செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். கதவு சாத்திக்கொண்டுவிட்டது, உள்ளே அடுப்பு எரிகிறது. அத்தான் பட்டையைத் தானே பிய்த்து மச்சினி கையில் திணித்தார். “அப்புறம் பாத்துக்கலாம். இது எங்க ஓடிடப்போகுது?”

அப்புறம் படம் அச்சுக்குப் போனது. முகாமை ஞாயிறு மாலையில், அதே மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். கூட்டம் நெரிந்தது. அத்தான் வாசலில் நின்று, “வாங்க, வாங்க, பூட்டை உடைக்கிற வேலையில்ல, கையை நீட்டினாப் போதும்” என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் மடக்கி உட்காரவைத்தார். ஊரையே உட்காரவைக்கிறவர் முதலில் தான் உட்கார்ந்திருப்பார் என்று தங்கை நினைத்துக்கொண்டாள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒரு முற்பகலில், சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த அத்தான் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நினைவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர்.

“இவருக்கு முன்னாடியே பிரஷர் இருந்துச்சா?”

“இல்ல டாக்டர்” என்றாள் அக்கா. அந்த நிலைமையிலும் அவள் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. “எங்க தெருவுல எல்லாருக்கும் முன்னாடி பாத்தது இவருக்குத்தான். இதோ, என் தங்கச்சிதான் பாத்தா. கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்னு அன்னைக்கே வந்து சொன்னாரு.”

டாக்டர் தங்கையைப் பார்த்தார். அவள் தலை குனிந்தாள். துக்கம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அன்று பொழுது சாய்வதற்குள் அத்தான் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். “பாக்காம விட்டுட்டோம்ங்கிற குறை எனக்கில்ல. பாத்தும் போகணும்னு இருந்திருக்கு.” அவள் தண்ணீர் குடித்ததும், தலை சீவிக்கொண்டதும், மறுபடி வேலைக்குப் போனதும் எல்லாம் அந்த வாக்கியத்தின் பலத்தில்தான் என்பது தங்கைக்குத் தெரிந்தது.

ஆனால் தெரு அதே வாக்கியத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. அடுத்த முகாமில் நாற்காலிகள் மறுபடியும் அழுக்காகவில்லை. வீடுவீடாகப் போய்வரும் நர்ஸம்மா அலுவலகத்துக்கு வந்து பையைத் தொப்பென்று போட்டாள்.

“பாத்துக்கிட்டவரே போயிட்டாரு, நாங்க பாத்து என்ன ஆகப்போகுதுங்கிறாங்க மேடம். படியிலயே மறிச்சுக் கேக்குறாங்க, நான் என்ன பதில் சொல்ல? மாவு மில்லுக்காரர் மாத்திரையை நிறுத்தியே விட்டாரு. அவருக்கு என்ன இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியும். மாடிப்படிக்குக் கீழே நடந்த முதல் முகாமில் அவருடைய எண்ணைப் பார்த்துவிட்டு நர்ஸம்மா இரண்டாம் தடவை அளந்தாள். அத்தான்தான் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்.

முகாம் பதிவேட்டிலும் அத்தான் பெயர் இல்லை என்று பார்த்துவிட்டு, தங்கை பிரிவுத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

“சோப்பு விளம்பரத்துல வர்றவ அந்தச் சோப்புலதான் குளிக்கிறாளா? படம்னா படம்தான்மா. வேற முகத்தைப் போட்டு ஒட்டிடலாம். இதை வெளியே சொன்னா, நாளைக்கு நாம எதை ஒட்டினாலும் இதுவும் வேஷம்னுடுவாங்க.” பிறகு, தணிந்த குரலில், “உங்க அக்கா வேற இருக்காங்க” என்றார்.

அவர் கெட்ட மனுஷர் அல்ல. அதுதான் சிரமமாக இருந்தது.

அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் தரையில் துணி விரித்து, கடையிலிருந்து வந்த தகரப்பெட்டியைக் கவிழ்த்திருந்தாள். செய்து முடித்து யாரும் வாங்கிப் போகாத சாவிகள். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, வீட்டு எண்ணை அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார் அத்தான். அக்கா அவற்றை மாடிவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் அடுத்தவங்க வீட்டுச் சாவி. நம்ம வீட்ல வெச்சுக்கக் கூடாதுல்ல, கொண்டுபோய்க் குடுத்துடணும்” என்றாள். பிறகு நிமிராமலே, “அந்தப் படத்தை எடுக்கச் சொல்லேன்டி. என்னால சுத்தி நடக்க முடியல.”

“எடுத்துடுறேன் அக்கா.”

“சிரிச்சுக்கிட்டே நிக்கிறாரு. நான் காய் வாங்கிட்டு வர்றேன், இவருக்குச் சிரிப்பு.” அவளே கொஞ்சம் சிரித்தாள். இரண்டு சாவிகளைச் சேர்த்து வைத்தாள். “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு எவ்வளவு காட்டுச்சு? நம்பர். மனுஷன் கல்லுக்குண்டுன்னாரே தவிர நம்பரைச் சொல்லல. எனக்கு அது தெரிஞ்சிருந்தா நல்லாருக்கும்போல இருக்கு.”

நூற்றிருபது, எண்பது. தங்கையின் வாய்க்குப் பழகிய எண்கள். கூட்டத்துக்குக் கூட்டம், படிக்குப் படி சொல்லிச் சொல்லித் தேய்ந்தவை. சொல்லியிருந்தால் அக்கா அவற்றை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பாள். மாவு மில்லுக்காரர் மாத்திரை போடாமல் இருந்திருப்பார்.

“பாக்கல அக்கா.”

“என்ன பாக்கல?”

“காத்தே ஏத்தல. ஏத்துனா முகம் சுளிக்குதுன்னு விட்டுட்டோம். படத்துக்காகக் கட்டினது. அப்புறம் பாக்கலாம்னு... பாக்கவேயில்ல.”

அக்காவின் கை இன்னும் கொஞ்ச நேரம் சாவிகளைப் பிரித்தது. மூன்றாம் மாடிச் சாவி ஒன்று முதல் மாடிக் குவியலில் விழுந்தது.

“ஆனா அவரு வந்து சொன்னாரே.”

“உன்கிட்ட விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு.”

“விளையாட்டுக்கு.” அவள் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னாள். பிறகு தங்கையை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். “ஆஸ்பத்திரியில என் பக்கத்துல நின்னே.”

“ஆமா.”

“நான் டாக்டர்கிட்ட சொன்னேன். நீ கேட்டுக்கிட்டு நின்னே.”

தங்கை முதல் மாடிக் குவியலில் விழுந்த சாவியை எடுத்து மூன்றாம் மாடிக் குவியலில் வைத்தாள்.

“வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் சொன்னேனேடி. ஒருத்தர் விடாம.” குரல் உயரவே இல்லை. “எந்திரி. போ.”

மறுநாள் காலை தங்கை ஒரு வாளித் தண்ணீரும் சுரண்டியுமாக நிறுத்தத்துக்குப் போனாள். ஆளனுப்பிச் செய்திருக்கலாம், மனசு வரவில்லை. காகிதம் நார் நாராகத்தான் வந்தது. சட்டை வந்தது, சாவிக்கொத்து வந்தது. முகம்தான் லேசில் வரவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர் ஒருவர், “பாவம், நல்ல மனுஷன். என்ன பாத்து என்ன?” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார். அவருக்குப் பதில் சொல்ல அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. ஆனால் அது இப்போது அக்காவுடையது. அவளைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்க முடியாது.

அக்காவிடமிருந்து போன் வரவில்லை. இவள் போட்டாலும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாலை, மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டு நர்ஸம்மா உட்கார்ந்தாள். தங்கை நாற்காலிகளை விரித்தாள். படிகளில் வழக்கம்போல ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. மாவு மில்லுக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

அக்கா தகரப்பெட்டியோடு வந்தாள். வீட்டிலிருந்து மேம்பாலத்தைச் சுற்றாமல், நிறுத்தத்தைத் தாண்டி நேர் வழியாகவே வந்திருந்தாள். அங்கேயே நின்று, அட்டையைப் பார்த்து எண்ணைக் கூப்பிட்டு, வந்தவர்களிடம் அவரவர் சாவியைக் கொடுத்தாள். மாவு மில்லுக்காரரும் இறங்கி வந்து வாங்கிக்கொண்டார்.

“எவ்வளவு தரணும்மா?”

“ஒண்ணும் வேண்டாம். ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுக்குங்க.” அவள் படிகளைப் பார்த்து நிமிர்ந்தாள். “எல்லாரும் கேட்டுக்குங்க. எங்க வீட்டுக்காரர் பாத்துக்கிட்டும் போயிட்டார்னு நான்தான் உங்ககிட்டல்லாம் சொன்னேன். அது நெஜமில்ல. அவரு பாத்துக்கவேயில்ல. போட்டோ எடுத்தாங்க, அவ்வளவுதான். உங்களையெல்லாம் உக்காரவெச்சாரு, அவரு உக்காரல.”

அக்கா பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நர்ஸம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள். பட்டை இறுகியது. அவள் முகம் சுளித்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. முள் மெதுவாக இறங்கி வருவதை இரண்டடி தள்ளி நின்று தங்கை பார்த்தாள். அது துடிக்கத் தொடங்கிய இடம் நல்ல இடமல்ல.

நர்ஸம்மா மறுபடி ஒருமுறை அளந்தாள். “கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா. பயப்படாதீங்க. மாத்திரை எழுதித் தருவாங்க. வாராவாரம் வீட்டுக்கே ஆள் வந்து பாப்பாங்க.”

வீட்டுக்கே ஆள் போக வேண்டும் என்று திட்டத்தில் சேர்த்தவள் தங்கை. இந்தக் குடியிருப்பின் படிகள் பழக்கம் என்பதால் இதைத் தன் பொறுப்பில் எழுதிக்கொண்டவளும் அவள்தான். அது அக்காவுக்கும் தெரியும்.

“வரட்டும்” என்றாள் அக்கா, ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே. “ஆனா அவ வேண்டாம். வேற யாரையாவது அனுப்புங்க.”

காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வந்த வழியே நடந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் மாவு மில்லுக்காரர் உட்கார்ந்து, புதுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். படிகளில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வரிசை தெருவரை நீண்டது.

“மேடம்” என்று நர்ஸம்மா கூப்பிட்டாள். “நாற்காலி பத்தல.”

தங்கை அக்கா போன திசையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு, நாற்காலி கொண்டுவரப் போனாள்.