திகதியில் விழுந்த துளை

புகலிடக் கோரிக்கைக்கு மூன்றாவது நிராகரிப்புக் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை, யேசுரட்ணத்தின் முதுகிலிருந்த ஐந்து சிகரெட் சூட்டுத் தழும்புகளும் கடிதத்துக்கு இடம்மாறின. முதுகு குழந்தையின் முதுகுபோல் ஆனது. கடிதத்தில் ஐந்து கருகிய துளைகள் விழுந்தன. நான்கு துளைகள் கடிதத்தின் ஓரங்களில் விழுந்தன, ஐந்தாவது திகதியைத் தின்றுவிட்டது.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் கோழிப்பொரியல் கடைக்கு மேலிருந்த அலுவலகத்தில் வழக்கறிஞர் கோசிகா அதைப் பிரதி எடுத்தார். பிரதியிலும் துளை. தொலைபேசியில் எடுத்த படத்திலும் துளை. மறுத்த உள்துறை அலுவலகத்திடமே இன்னொரு பிரதி கேட்டார். ஏழு வாரத்தில் வந்தது, உறையும் சேர்ந்து கருகியிருந்தது. மேன்முறையீடுகள் எல்லாம் முடிந்து, எஞ்சியிருந்தது நீதிமுறை மீளாய்வு ஒன்றுதான். அதைக் கடிதத்தின் திகதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும். திகதி தெரியாத கடிதத்தை நீதிமன்றம் ஏற்காது. பதியாவிட்டால் அவரைக் கொழும்பு விமானத்தில் ஏற்றலாம்.

"உங்களை ஊரில சிகரெட்டால சுட்டவையோ இல்லையோ எண்டு இந்த நீதிபதி பார்க்கமாட்டார், அண்ணை," என்று கோசிகா விளக்கினார். "மறுத்தவை உங்கட தழும்பைப் பார்த்த டொக்டரின்ர அறிக்கையை ஒழுங்கா வாசிச்சுத்தான் மறுத்தவையோ எண்டு மட்டும் பார்ப்பார்."

"அப்ப என்ர முதுகு?"

"அது அவருக்குத் தேவையில்லை."

"நல்லதாப் போச்சு. இப்ப அது வெறும் முதுகுதானே."

வழக்கைப் பதியக் கடைசி நாள் மத்தியானம், தழும்பிருந்த இடங்கள் குளிர்கின்றன என்றார் யேசுரட்ணம். கடிதமோ எப்போதும் இளஞ்சூடாக இருந்தது. "அதை ஒருக்கா முதுகில வையுங்கோ, தங்கச்சி. வேற என்னத்துக்கு அது உதவும்?" கோசிகா வைத்தார். துளைகள் தோலோடு பொருந்தி மூடின. திகதி தெரிந்தது. அப்படியே படமெடுத்தார்.

வழக்குப் பதிவானது. பதினான்கு மாதம் கழித்து, வைத்திய அறிக்கையைச் சரியாக வாசிக்கவில்லை என்று நீதிபதி அந்த முடிவை ரத்துச் செய்தார். ரத்துச் செய்தால் விசா கிடைத்துவிடாது. மறுபடி யோசிக்கும்படி கோப்பு, மறுத்தவர்களிடமே திரும்பிப் போகும். போனது. யோசித்தார்கள். மறுத்தார்கள். புதிய கடிதத்திலும் ஐந்து துளைகள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை அப்படியே நடந்தது. இப்போதெல்லாம் கடிதம் வந்தால் யேசுரட்ணம் சட்டையைக் கழற்றி அலுவலக வாங்கில் குப்புறப் படுக்கிறார்; கோசிகா கடிதத்தை அவர் முதுகில் விரித்து, திகதி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் படமெடுக்கிறார்.