நாற்காலியில் வந்த எண்

பேசக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, நாங்க கதவைச் சாத்திட்டு வெளிய போயிருவோம், அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருக்கணும், அவ்வளவுதான் மாமா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், சும்மா உக்காருததுக்கு ஒரு ரூமா ஏட்டி என்று அவர் சிரிக்கிறார், சிரித்தபடியே மாவைத் தட்டி விசிறுகிறார், அது காற்றில் துணிபோல விரிகிறது, அந்தத் துணிக்குப் பின்னால் எனக்கு அந்த அறை தெரிகிறது, வெளிர்பச்சைச் சுவர், இழுத்துவிட்ட திரை, நடுவில் கைவைத்த ஒற்றை நாற்காலி, பக்கத்தில் தானாக ஊதித் தானாக அடங்கும் ரத்த அழுத்தக் கருவி, வெயில் எட்டாத குளிர், எங்கோ பனி பெய்யும் ஊரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து வைத்ததுபோன்ற அறை.

தங்கப்பழம் மாமா என் அம்மாவின் தம்பி, பாளையங்கோட்டையில் புரோட்டா மாஸ்டர், நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகும் கொதிக்கும் புரோட்டாக் கல்லை விட்டு விலகாதவர், நான் வேலை பார்ப்பது அவர் வைத்தியத்துக்கு வரும் அதே மருத்துவமனையில், இதய நோயாளிகளுக்கு ரத்த அழுத்தத்தை எவ்வளவு தூரம் இறக்கலாம் என்று பார்க்கும் மருந்து ஆய்வில், ஆட்களை அந்த நாற்காலியில் உட்காரவைப்பதுதான் என் வேலை, அப்ப என்னையும் ஒரு தடவ உக்கார வையேன் என்று கேட்டார், உங்களுக்குத்தான் சுகர் இருக்கே, சுகர் இருந்தா சேர்க்க மாட்டாங்க மாமா என்றேன், பக்கவாதம் வந்திருந்தாலும் சேர்க்க மாட்டாங்க, எழுந்து நின்னதும் பிரஷர் விழுந்தாலும் சேர்க்க மாட்டாங்க, அவர் கல்லில் எண்ணெயைச் சுற்றிவிட்டபடி யோசித்தார், நோயில்லாத நோயாளியாத் தேடுதிய என்றார், பக்கத்தில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார், நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பு இப்போதும் எங்கோ உள்ளே புகைந்துகொண்டிருக்கிறது.

எங்கள் ஆய்வு முடியும் முன்பே வேறு ஏதோ நாட்டில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்துவிட்டது, ரத்த அழுத்தத்தை நூற்றிருபதுக்குக் கீழே இறக்கினால் மாரடைப்பு குறைகிறதாம், எங்கள் ஆய்வையும் மாமாவின் வைத்தியத்தையும் பார்க்கும் டாக்டர் ஷெரினின் முகத்தில் அன்று வெளிச்சம், அவர் நல்லவர், வரிசையில் கடைசியாக நிற்பவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர், இனி நம்ம ஆளுங்களையும் காப்பாத்திரலாம் என்று என்னிடம் சொன்னார், மாமாவையும் மனதில் வைத்துத்தான் சொன்னார், அந்த ஆய்விலும் ஒரு நாற்காலி இருந்திருக்கும், அதில் யார் யார் உட்கார்ந்தார்கள், யார் யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்து, கேட்கப்படாமலே அமர்ந்துகொண்டது. மாமா வெளிநோயாளிகள் பிரிவுக்கு வருகிறார், பஸ்ஸில் நின்று வந்து, மாடியேறி, கூட்டத்தில் நசுங்கி, டோக்கன் கூப்பிடும் சத்தத்துக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்ததும் பிரஷர் பார்க்கக் கை நீட்டுகிறார், எண் ஏறி நிற்கிறது, ஒரு மாத்திரை கூடுகிறது, அடுத்த முறையும் ஏறி நிற்கிறது, இன்னொன்று கூடுகிறது, சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரை, அவரோ கல்லின் முன்னால் ஏற்கெனவே வியர்வையாக வடிந்துகொண்டிருப்பவர்.

பிறகு ஒரு மாலை மாவுச் சட்டியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தவருக்கு உலகம் வெள்ளையாகிப் போனது, விழும்போது கையை ஊன்றினார், ஊன்றிய இடம் கல். இடது முன்கை முழுக்கக் கொப்புளம், செல்லக்கனி அத்தை மருந்து தடவியபடி அழுகிறாள், இனிமே கல்லாப்பெட்டியில உக்காருங்க மாஸ்டர் என்று முதலாளி சொல்லிவிட்டார், நின்னாத்தாம்ட்டி எனக்குக் கை வரும், உக்காந்தா நான் யாரு என்கிறார் மாமா, மாத்திரையெல்லாம் தூரப் போட்டுருதேன் என்கிறார், வேண்டாம் மாமா, ஸ்டென்ட் வச்ச நெஞ்சு, விட்டா அடைச்சிரும் என்று நான் கெஞ்சுகிறேன், அப்ப போட்டா விழணும், போடாட்டா சாகணும், ரெண்டுல ஒண்ணு நீயே சொல்லு என்கிறார், அடுத்த முறை நானும் கூட வாரேன் மாமா என்கிறேன்.

மாமாவோடு மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸில் கண் அசந்துவிட்டேன், அந்தப் பச்சை அறைக்குள் பனி பெய்துகொண்டிருக்கிறது, நாற்காலியில் யாரும் இல்லை, கதவுக்கு வெளியே நாங்கள் திருப்பி அனுப்பியவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள், சித்தாள் சட்டியோடு, மீன்கூடையோடு, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, வியர்த்து வியர்த்து நிற்கிறார்கள், அவர்கள் காலடியில் பனி உருகுகிறது, உள்ளே வரவா என்று யாரும் கேட்கவில்லை. விழித்தபோது மாமாவின் சட்டைப் பையில் காலை மாத்திரைகள் பொட்டலமாகத் துருத்திக்கொண்டிருந்தன, ஏன் மாமா போடலியா என்றேன், வெறும் வயித்துல வரச் சொன்னாவல்லா என்றார், அது சுகர் டெஸ்டுக்கு மாமா, இதைப் போட்டிருக்கலாம்லா, அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், மாத்திரையப் போட்டு அமுக்கிட்டுப் போனா டாக்டரம்மா என்னத்தப் பாப்பாவ, நோய மறச்சு வச்சு அவியள ஏமாத்தவா சொல்லுத. ஒவ்வொரு முறையும் அப்படித்தான் போயிருக்கிறார், மரியாதையோடு, நோயை மூடாமல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதற்குப் பரிசாக ஒரு மாத்திரை.

டாக்டர் ஷெரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் திட்டவில்லை, கட்டுப்போட்ட கையைத் தொட்டுப் பார்த்தார், ரத்தம் எடுத்தபின் கேன்டீனில் இட்லி வாங்கிக் கொடுத்து மாத்திரை போடவைத்து, ரெண்டு மணி நேரம் கழித்து ஆய்வு அறையில் சரியான முறையில் பிரஷர் எடு என்றார். அதனால் மாமா கடைசியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், வலது கையில் கருவியின் பட்டை, பேசவில்லை, காலைக் குறுக்கே போடவில்லை, நான் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி வழியே பார்க்கிறேன், கல்லும் சத்தமும் இல்லாத அவர் முகம் எனக்குத் தெரியாத யாரோ ஒருவருடையது, கருவி ஊதி அடங்கியது, மறுபடி ஊதி அடங்கியது, நூற்றுப் பதினாறு. டாக்டர் கதவைத் திறந்து உள்ளே வந்தார், பின்னால் நானும், அவர் முகத்தில் ஆய்வு முடிவு வந்த அன்று பார்த்த அதே வெளிச்சம், பாத்தீங்களா, அருமையா வந்திருக்கு, ஆய்வுல வந்த மாதிரியே, இதையே விடாம தொடருங்க, இனி மாத்திரை போட்டுட்டே வாங்க, அடுத்த மாசம் பாக்கலாம் என்று பேனாவை மூடினார். வாரேம்மா என்று மாமா எழுந்தார், எழுந்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார், நெற்றியில் வியர்வை, மாவுபோல வெளுத்த முகம், அவிழ்க்காத பட்டை இன்னும் கையில், அதன் குழாய் கருவியிலிருந்து அவர் வரை விறைத்து நிற்கிறது, காலி நாற்காலிக்குப் பின்னால் அவர் நிற்கிறார், ஒண்ணுமில்லட்டி என்கிறார், டாக்டர் கைப்பிடியைத் திருகி வெளியே ஒரு கால் வைத்துவிட்டார், டாக்டர், இவர நிக்க வச்சு ஒரு தடவ பிரஷர் பாக்கலாமா.