யாரோடு யார் இருப்பது

நதீராவுக்கு வாய் நீளம் என்று கல்முனைக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயை நம்பித்தான் அவள் போட்டோக்கொப்பிக் கடை வேலையை உதறிவிட்டு, பெண்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்பிக்கும் நிலையத்தில் சேர்ந்தாள். மூன்று மாதம் பார்ப்போம் என்றார்கள். இன்று கடைசி நாள். கொழும்பிலிருந்து வந்த மேற்பார்வையாளர் ஷிப்லி வகுப்பின் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவர் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழைய கடைதான்.

பாடம் ‘வித்’ என்ற ஆங்கிலச் சொல். கத்தியால் மீன் வெட்டினாலும் வித், சோற்றோடு கறி வந்தாலும் வித், கிணறு உள்ள வீட்டுக்கும் வித், கோபமாகக் கதவைச் சாத்தினாலும் வித். தமிழில் நாலு பேர் சுமக்கிற மூட்டையை இது தனியாளாகத் தூக்குகிறது என்றாள் நதீரா. வகுப்பு சிரித்தது. ஷிப்லியும் தலையாட்டினார்.

அடுத்து, யாரோடு வசிக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். ‘நான் என் கணவரோடு அவருடைய பெற்றோர் வீட்டில் வசிக்கிறேன்’ என்பது புத்தகத்து வாக்கியம். பதினொரு பெண்களில் ஒருத்தியும் அதைச் சொல்லவில்லை. முதலில் எழுந்தவர் கமீலா. நாற்பது வயதுக்காரி.

“மை ஹஸ்பண்ட் லிவ்ஸ் வித் மீ.”

என் கணவர் என்னோடு வசிக்கிறார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஷிப்லி எழுந்துவிட்டார். பெண்தானே புருஷன் வீட்டுக்குப் போவாள், திருத்துங்கள் என்றார். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார் என்று நதீரா விளக்கினாள். அதெல்லாம் இருக்கட்டும், புத்தகத்தில் உள்ளதைச் சொல்ல வைத்தால்தான் தன்னால் அவளுக்குப் புள்ளி போட்டு வேலையை உறுதிசெய்ய முடியும் என்றார் அவர்.

இந்த வேலை நதீராவுக்கு வேண்டும், மிகவும் வேண்டும். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

“புத்தகத்தில இரிக்கிறதையும் படிச்சுக் குடுக்கிறன் சேர். கமீலா ராத்தாவப் பொய் சொல்ல வைக்க மட்டும் எனக்கு ஏலா.”

ஷிப்லி கமீலாவின் பக்கம் திரும்பி, விறுவிறுவென்று ஆங்கிலத்தில் கேட்டார். நாளைக்கே கணவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்தால் என்ன செய்வீர்கள்?

மூன்று மாதத்துக்கு முன் தன் பெயரைச் சொல்லவே முந்தானையால் வாயை மூடிக்கொண்ட பெண் அவர். இப்போது கொஞ்சம் யோசித்தார்.

“ஹி கேன் கோ வித் ஹிஸ் பேக். த ஹவுஸ் ஸ்டேஸ் வித் மீ.”

அவர் தன் பையோடு போகட்டும், வீடு என்னோடு இருக்கும். வகுப்பே கைதட்டியது. ஷிப்லி சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். பிறகு பேனாவை எடுத்து, நதீராவின் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

நதீரா அதைப் பார்க்கவேயில்லை. அவள் கமீலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு வாக்கியங்களையும் அவள் யாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.