மைதாப் பசை

நாச்சியம்மாள் முதல் பக்கத்தைக் கிழிக்கப் போன நேரத்தில் அன்புக்கரசி பாய்ந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இதக் கிழிக்காதீங்க அத்தை. அப்பாவோட நோட்டீஸெல்லாம் இதுலதானுங்க இருக்குது."

"அடுப்புப் பத்த வெக்கக் காயிதம் வேணுமல்லோ கண்ணு. வெறகெல்லாம் பனியில நனஞ்சு கெடக்குது. பழைய நோட்டுதானேன்னு எடுத்தேன்."

சாவு வீட்டில் பிணம் எடுக்கும்வரை உள்ளே அடுப்பு எரியக் கூடாது. ஆனால் பக்கவாதம் வந்த பத்து மாதமாக அவள் அப்பா மருதாசலம் வெந்நீரில்தான் குளித்தார். கடைசிக் குளியலுக்கும் வெந்நீர்தான் என்று தங்கை நாச்சியம்மாள் ஒற்றைக்காலில் நின்று, வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றிவிட்டாள்.

விடிந்ததிலிருந்து அன்புக்கரசிக்கு இதே பாடு. அப்பாவின் பெட்டியிலிருந்த பழைய டிக்கெட் கட்டின் மேலட்டையில் அவள் கணவன் சென்னகிருஷ்ணன் துக்கம் சொல்ல வேண்டியவர்களின் போன் நம்பரை எழுதிவைத்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெஞ்சு ஆடுகிறது என்று அப்பா பத்திரப்படுத்தியிருந்த, ஆட்டத்துக்கான பழைய போலீஸ் அனுமதிக் கடிதத்தை நாலாய் மடித்துக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். எல்லாரும் நல்லவர்கள்தான். உதவி செய்யத்தான் வந்திருக்கிறார்கள். அதுதான் அவளுக்கு எரிச்சலை இன்னும் கூட்டியது. யாரையும் திட்டவும் முடியவில்லை.

மருதாசலம் முப்பது வருஷம் பொம்மலாட்டக் கம்பெனியில் கயிறு இழுத்தவர். போன ஊரில் எல்லாம் ஆட்டத்துக்கு அச்சடித்த நோட்டீஸ் ஒன்றை மடித்து இடுப்பில் செருகி எடுத்து வந்துவிடுவார். பொங்கல் கழிந்ததும் வந்து அவற்றைப் பார்ப்பதாகச் சென்னையில் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அதற்காகத்தான் அன்புக்கரசி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, எண்பத்துநாலு நோட்டீஸையும் தடி நோட்டில் ஒட்டினாள். பொம்மைத் தலைக்குக் காகிதம் ஒட்டும்போது அப்பா காய்ச்சும் அதே பசை. ஒரு மூலை தூக்கவில்லை, ஓரிடத்திலும் காற்று நிற்கவில்லை.

அவசர அவசரமாக ஒட்டியதற்குக் காரணமும் அப்பாதான். வலக்கையும் பேச்சும் போன மனுஷன், இடக்கையில் மைப்பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நோட்டீஸின் முதுகிலும் கோழி கிளறினமாதிரி கிறுக்கிக்கொண்டே இருந்தார். புத்தி கலங்கிவிட்டது என்றே அவள் நினைத்தாள். ஒட்டி முடித்துக் காட்டிய அன்று நோட்டை இடக்கையால் அடித்து அடித்து அழுதார். "நோட்டீஸெல்லாம் வீணாப்போகுதுங்கப்பா" என்று அதட்டி, பேனாவையும் பரண்மேல் தூக்கிப் போட்டாள்.

கோட்டைமேட்டிலிருந்து யாகூப் வந்தபோது மணி பத்து. அதே கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். மருதாசலத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து எழுந்தார். பிறகு வாசலுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்தார்.

"ஆடி மாசம் பாக்க வந்தப்ப இதக் கையில திணிச்சாருங்க அம்மணி. பொறவுல எழுதியிருக்காருன்னு ஊட்டுக்குப் போயித்தான் பாத்தேன். படிக்க ரெண்டு நாளாச்சு. எழுத்தெல்லாம் படுத்துக் கெடக்குது. ஆனா எழுத்துத்தானுங்க."

விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாய்ப் படித்தார்.

"சென்னிமலை. அறுபத்திமூணு தைப்பூசம். மழை. பாட்டு பொன்னாத்தாள். அன்பு வயித்துல எட்டு மாசம்."

அன்புக்கரசி நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கத்தில் கம்பெனி முதலாளி பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

"நம்ம பேரெல்லாம் யாருங்க அச்சுல போட்டா? திரைக்குப் பின்னால பாடறவங்கதானே. பொன்னாத்தா அண்ணி போயி இருவது வருசமாச்சு, ஒரு நோட்டீஸுலயும் பேரில்ல. அதான் அண்ணன் உக்காந்து எழுதியிருக்காரு. மத்ததெல்லாம் பத்திரமா வெச்சிருக்கறீங்களா அம்மணி?"

அவள் கையில் தடி நோட்டு இருந்தது. பத்திரமாகத்தான் வைத்திருந்தாள்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு மூலையை நகத்தால் நெம்பினாள். காகிதம்தான் கிழிந்தது. இன்னொரு மூலை. அதுவும் கிழிந்தது. அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. எழுத்து என்று ஒரு சைகை காட்டியிருக்கக் கூடாதா? அடித்து அடித்துக் காட்டியது அதைத்தானே என்று தோன்றியதும் அந்தக் கோபத்தையும் வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று.

"உரிக்காதீங்க. ஆவியில காட்டுனா பசை எளகும். பதனமா, கிழியாம எடுங்க" என்றார் யாகூப்.

அண்டாவிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அன்புக்கரசி போய் நோட்டை விரித்து அதன் மேல் பிடித்தாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பன உள்ள படுக்கப் போட்டுட்டு இதென்ன வேலை அம்மணி" என்றாள் நாச்சியம்மாள்.

"அம்மா பேரு இருக்குதுங்க அத்தை."

நாச்சியம்மாள் அடுப்பைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினாள்.

கை சுட்டது. புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மூலை சுருண்டு எழுந்தது. நீல மை ஈரத்தில் ஊற ஆரம்பித்திருந்தது. 'பவானி' என்பது தெரிந்தது. அதன் கீழே 'பாட்டு பொன்' வரைக்கும் வந்தது. மிச்சம் இன்னும் பசைக்குள் இருந்தது.

சென்னகிருஷ்ணன் வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். "தண்ணி காஞ்சுதுங்களா? நேரமாச்சுங்கறாங்க. குளிப்பாட்டி எடுத்தறலாம்."

அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் காயலீங்க" என்றாள் அன்புக்கரசி, தலையைத் தூக்காமல்.

நாச்சியம்மாள் தண்ணீரைப் பார்த்தாள். குனிந்து இன்னொரு விறகை உள்ளே தள்ளினாள்.