டஸ்ட் இல்லாத கடல்

பெங்களூரில் ஓவியக்கூடம் நடத்தும் ஜோதிமணி, எட்சனின் படத்தைக் கண்காட்சிக்கு எடுத்துப்போகப் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடமாக வெல்டிங் வேலைக்கு நடுவில் வரைகிறவனை இப்போதுதான் ஒருவர் தேடி வருகிறார். அவனோ ஓவர்டைம் முடிந்து இன்னும் வீடு திரும்பவில்லை.

மத்திகிரி வாடகை வீட்டில் அவன் மனைவி டெல்பின் படத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் பார்த்தாள். தரங்கம்பாடிக் கடற்கரை, ஒரு மரக் குடில், காலை வெயில். கிட்டே போனால் வெறும் வண்ணத் தீற்றல். நாலடி தள்ளி நின்றால் கடல் மினுங்கும். இம்ப்ரெஷனிசப் பாணி என்று ஜோதிமணி புகழ்ந்தாராம். டெல்பினுக்குப் பாணி தெரியாது, பெயிண்ட் தெரியும். பைக் டேங்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் ஒன்பது வருடமாக, குறை இருக்கிற டேங்கைச் சரிசெய்யும் ரீவொர்க் வேலை. பெயிண்டுக்குள் ஒரு துகள் மாட்டியிருந்தாலும் விரல் நுனி சொல்லிவிடும். அங்கே அதற்கு ‘டஸ்ட்’ என்று பேர். தண்ணீர் தொட்டு எமரித் தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டால்தான் டேங்க் வெளியே போகும்.

படத்தில் விரல் வைத்தாள். கடல் முழுக்க டஸ்ட்.

நாலு பேர் பார்க்கப்போகிற படம், புருஷனுக்கு அவமானமாகிவிடக் கூடாதே என்று எமரித் தாளால் ஒரு மணி நேரம் பொறுமையாகத் தேய்த்தாள். கடல் வழுவழுவென்று ஆனது.

எட்சன் வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

“என்ன பண்ணுன டெல்பி?”

“டஸ்ட் இருந்துச்சுங்க. எடுத்துட்டேன்.”

“அது மணலு.”

கடற்கரையில் வரைந்த அன்றைக்குக் காற்று வாரியடித்த மணல் ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொண்டதையும், அதில் வெளிச்சம் பட்டுத்தான் கடல் மினுங்கியதையும், அதற்காகவே ஜோதிமணி இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததையும் தாழ்ந்த குரலில் சொன்னான். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

ஜோதிமணி படத்தின் முன் வெகுநேரம் நின்றார். யார் இதைத் தொட்டது என்று கேட்டார். டெல்பின் வாய் திறக்குமுன் எட்சன் முந்திக்கொண்டான்.

“நாந்தான் மேடம். ஃபினிஷிங் நல்லா வரட்டும்னு பண்ணுனேன். கெட்டுப்போச்சு.”

தன் படத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறவரை நம்பிக் கண்காட்சியில் எப்படிச் சுவர் ஒதுக்குவது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார் அவர். இனிமேல் கூப்பிட மாட்டார் என்பது இருவருக்கும் புரிந்தது.

எட்சன் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். டெல்பின் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள்.

“ஏங்க, என்னத் திட்டிருங்களேன்.”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“திட்டுனா உனக்கு இன்னைக்கோட தீந்துரும் டெல்பி.”